ஓணானுக்காகக் கொடுத்த வாக்கு

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருடம் இருக்கும். நுவரெலியாவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் என் மரக்கறித் தோட்டத்தில் நடந்தது இது. மாசி மாதம்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கினிகத்தேனையில் லொறி கிளீனராக நின்றேன், பிறகு சாரதி, பிறகு சொந்த லொறி, பிறகு நிலம். என் லீக்ஸும் முட்டைக்கோவாவும் வராத நாளில் கொழும்புச் சந்தை வெறிச்சோடிப் போகும் என்று வியாபாரிகளே சொல்வார்கள். கை வைத்த எதிலும் தோற்றதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் நிலத்தின் உச்சியில் ஒரு துண்டுக் காடு உண்டு. மரமெல்லாம் குட்டையும் கோணலுமாக, உடம்பு முழுக்கப் பாசி பிடித்து நிற்கும். அதை வெட்டிப் பாத்தி போட ஆள் பேசிவிட்டேன். அந்த நேரத்தில்தான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த டீச்சர் என்னைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அந்தக் காட்டில் மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் இருக்கிறது, நம்முடைய உயரமான மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது, வெட்டாதீர்கள் என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தார். பாசியோடு பாசியாகக் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்டப் போனாலும் ஓடவில்லை, கண்ணை மட்டும் உருட்டியது. மூக்கு நுனியில் வெள்ளையாய் ஒரு கொம்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பிடித்தும் போனது.

"நான் இருக்கிற வரைக்கும் இந்தக் காட்டுல கத்தி படாதுங்க டீச்சர்" என்று சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருடம் பனிமூட்டம் வரவில்லை. என் சின்ன வயதில் காலையில் பக்கத்து லயம்கூடத் தெரியாது, அப்படி மூடிக்கிடக்கும். அந்த மாசியிலோ விடிந்ததுமே வெயில் சுள்ளென்று அடித்தது. ராத்திரியில் கம்பளி தேவைப்படவில்லை. மரத்துப் பாசி காய்ந்து, தொட்டால் மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. டீச்சர் சனிக்கிழமைதோறும் வந்து ஓணான்களைத் தேடுவார். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாகத்தான் கண்ணில் பட்டன.

அப்போது ஒரு பெண் ஓணான் காட்டைவிட்டு இறங்கி வந்து, என் லீக்ஸ் பாத்தி ஓரத்தில் மண்ணைப் பறித்து முட்டையிட்டது. டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இந்த முட்டைகளாவது பொரிக்க வேண்டும் என்பதே அதற்குப் பிறகு அவருடைய பேச்சு. நான் சுற்றிக் கம்பி அடித்தேன். சாக்குக் கட்டி நிழல் போட்டேன். அந்தப் பக்கம் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். என் கங்காணி வாய்க்காரர். எங்கள் பக்கம் நாள் சம்பளம் பதிவதைப் பேர் போடுவது என்போம்.

"முதலாளி, அந்தப் பொம்பள ஓணானுக்கும் அரைப் பேராச்சும் போட்டுருவோமா? பிரசவ லீவு வேற கேக்குமே" என்றார். வேலைக்கு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான்.

பங்குனி பிறந்தும் வெயில் குறையவில்லை. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? லீக்ஸுக்குப் போட்டிருந்த ஸ்பிரிங்க்ளர் குழாய்களைக் கழற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் பொருத்தினேன். லீக்ஸ் வாடினால் வாடட்டும். மோட்டாரைப் போட்டதும் மரங்களுக்கு மேலே தண்ணீர் புகை மாதிரிப் பறந்தது. வானம் தராத பனியை நான் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டு, டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் வெயிலுக்குப் பிடித்த குடையை மடக்காமலே காட்டுக்குள் வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"தண்ணி நீங்கள் விடுவியள் ஐயா. குளிரை எங்கையிருந்து கொண்டு வாறது?"

அப்படியானால் ஓணான்களைப் பிடித்து, என் லொறியிலேயே இன்னும் உயரமான மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றேன். செலவு என்னுடையது என்றேன். அந்த மலைக்கும் இந்த வெக்கை ஏறி வரும், அதற்குப் பிறகு ஏற்றிக்கொண்டு போக மலை இல்லை என்றார். பெரிய பெரிய வியாபாரிகளைப் பேசி மடக்கியவன் நான். அன்றைக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கங்காணிக்குச் சைகை காட்டினேன்.

மழை பிந்தித்தான் வந்தது. கூடவே பனிமூட்டமும் வந்தது. குஞ்சு வெளியே வரவேண்டிய காலம் கடந்துவிட்டதால், ஒருநாள் தூறலில் டீச்சர் ஒரு கரண்டியால் மண்ணை மெதுவாகக் கிளறினார். முட்டைகள் காய்ந்த திராட்சை போலக் குழிந்து சுருங்கிக் கிடந்தன. ஒன்றை நகத்தால் பிரித்தார். உள்ளே வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு குஞ்சு. கால், விரல் எல்லாம் வந்திருந்தது. கொம்பு மட்டும் இன்னும் வரவில்லை. டீச்சர் அதைத் திரும்பக் குழிக்குள்ளேயே வைத்தார்.

கங்காணி பக்கத்தில் வந்து குந்தினார். தலையில் மழைக்குப் போட்டிருந்த சாக்கை எடுத்து அந்தக் குழிக்கு மேலே பிடித்துக்கொண்டு, "மூடிருங்க டீச்சர். நனையுது" என்றார்.

அடுத்த வருடம் டீச்சருக்கு இடமாற்றம் வந்தது. போகும் முன் ஒருமுறை வந்து மரம் மரமாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகு நானும் எத்தனையோ முறை தேடிவிட்டேன். இப்போது அந்த மரங்களின் உச்சியெல்லாம் பட்டுப்போய் நிற்கின்றன. சும்மா கிடக்கிற இடத்தை உருளைக்கிழங்கு போடக் கொடுங்கள் என்று பக்கத்து நிலக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் கொடுக்கவில்லை. கத்தி படாது என்று நான் சொன்ன சொல் இன்றுவரை நிற்கிறது. யாருக்காகச் சொன்னேனோ அந்த உயிர்தான் அங்கே இல்லை.