லூர்தம்மாள் கூப்பாத கைகள்

போன செவ்வாய்க்கிழமை வலங்கைமான் கடைத்தெருவில் மூட்டுவலித் தைலம் வாங்க நின்றிருந்தேன். நன்னிலம் பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே சத்தம் போட்டார். "உபதேசியாரே, உங்க பழைய ஊரு லூர்தம்மா தவறிட்டாங்க. சாயங்காலம் அடக்கமாம்." பஸ் போய்விட்டது. கடைக்காரர் தைலத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊர்க் கோவிலுக்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் பூசைக்கு வருவார். நான் ஊரில் இருந்த காலத்தில், மற்ற ஞாயிறுகளில் உபதேசியாராகச் செபம் சொன்னதும், மன்னிப்பைப் பற்றித் தொண்டை வற்றப் பேசியதும் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் தலையாட்டிக் கேட்பீர்கள், வெளியே போய் மறந்துவிடுவீர்கள். அதை அப்படியே நம்பி எடுத்துக்கொண்டவர் லூர்தம்மாள் ஒருவர்தான். அதனாலேயே அவர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அறுவடைக் கூலிச் சண்டை நடந்த வருஷம் இளையவர்களுக்குத் தெரியாது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நம் தெரு வேலைக்குப் போகவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. களத்துமேட்டில் கைகலப்பு. லூர்தம்மாளின் கணவர் அருளப்பன் மண்டை உடைந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அடித்தது பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் சந்தியாகு என்று பார்த்தவர்கள் எல்லோரும் தெருவில் சொன்னார்கள், கோர்ட்டில் ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருடைய குடிசையும் பண்ணை மனையில் இருந்தது. பிறகு அரசாங்கம் சட்டம் போட்டு மனைக்குப் பட்டா கொடுத்தது. வாய் திறக்கத் தைரியம் வந்தபோது வழக்கு முடிந்து போயிருந்தது. அந்தச் சந்தியாகுவும் நம் கோவில்காரர். முன்வரிசையில் உட்காருவார்.

பூசை தமிழுக்கு மாறிய புதிது. பூசை நடுவே ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று சாமியார் கற்றுக்கொடுத்தார். நம் தெரு ஜனங்கள் அதுவரை பண்ணையைப் பார்த்துக் கும்பிட்டதுதான் உண்டு. பண்ணையின் ஆள் திரும்பிக் கும்பிட்டுப் பார்த்ததில்லை. முன்வரிசையிலிருந்து சந்தியாகு நம்மைப் பார்த்துக் கைகூப்பியதும் கிழவர்கள் பதறிப்போனார்கள். தோள் துண்டைச் சட்டென்று எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, "கும்புடுறேனுங்க" என்றார்கள். பூசை நடக்கிறது என்பதே மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பார்க்கவும் சகிக்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினேன். லூர்தம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தை நம் பக்கம் நன்மை என்கிறோம். அன்று அவர் நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"ஏம்மா, நன்மை வாங்கலையா?"

"மனசுல பகை இருந்தா மொதல்ல போயி சமாதானம் ஆவு, அப்புறம் பீடத்துக்கு வான்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு சமாதானம் ஆவலைங்க. பொய்யா கும்புட்டா சாமிக்குத் தெரியாமலா போயிடும்?"

என் பிரசங்கத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வருஷக்கணக்கில் அவர் நன்மை வாங்கவில்லை. ஆனால் ஒரு பூசைக்கும் வராமல் இருந்ததில்லை. மற்றவர்கள் நாக்கை நீட்டி வாங்குவதைப் பசித்த பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைத் தாங்காமல் நான் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வருஷம் ஈஸ்டர் இரவின் பாஸ்கா பூசையில் சந்தியாகுவே எழுந்து பெண்கள் பக்கம் நடந்துபோனார். லூர்தம்மாள் முன்னால் நின்று கைகூப்பினார். லூர்தம்மாள் எழுந்து நின்று, அதட்டாமல், உறவுக்காரரிடம் கேட்பது போலத்தான் கேட்டார். "களத்துல என்ன நடந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. ஒங்க வாயால ஒரு தடவ கேட்டுக்குறேன்." சந்தியாகுவின் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். கையை இறக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். இரண்டு பேரையும் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எந்தப் பக்கம் போய் என்ன செய்வது என்று தெரியாமல் பாட்டை ஆரம்பித்தேன்.

சந்தியாகு சொல்லாமலே செத்தார். கல்லறைத் தோட்டத்துக்கு என்னைத் தவிர நம் தெருவிலிருந்து வந்தது லூர்தம்மாள் மட்டும்தான். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். இவரும் குனிந்து ஒரு பிடி அள்ளினார். குழி ஓரத்தில் நின்றார், கை திறக்கவில்லை. என்னைப் பார்த்து, "உபதேசியாரே, இத நான் எறியப்போறனா, போடப்போறனான்னு எனக்கே தெரியலையே" என்றார். மண்ணைக் குழி ஓரமாக, சிந்தாமல் வைத்தார். "இங்கேயே இருக்கட்டும். என்னால முடியிற அன்னிக்கு வந்து போடுறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

போன மாதம் அவர் படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டு, புதுச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். சாமியார் வயசுப் பிள்ளை, பழைய கதை தெரியாது. வழக்கப்படி, "எல்லாரையும் மன்னிச்சுட்டீங்களாம்மா?" என்றார். எனக்குப் பகீரென்றது. கடைசி நேரத்திலும் லூர்தம்மாள் நன்மை வேண்டாம் என்றுவிட்டால்?

லூர்தம்மாள் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "மன்னிக்கணும்னு ஆசை இருக்கு சாமி. அது எப்பவும் இருந்துச்சு. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. போதுமா?"

சாமியார் நன்மையை எடுத்து அவர் நாக்கில் வைத்தார். லூர்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தையை அவரிடம் கேட்டு வாங்க எனக்குத் தெரியவில்லையே என்று அழுதேனா, அருளப்பனுக்காக அழுதேனா, தெரியாது.

செவ்வாய்க்கிழமை அடக்கத்தில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். அவர் குழியில் ஒரு பிடி மண் போட்டேன். இன்னொரு பிடியை அள்ளிக்கொண்டு நான் தனியாக நடந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சந்தியாகுவின் கல்லறைக்குத்தான் போனேன். லூர்தம்மாளுக்குப் பதிலாக நானாவது போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்கே போய் நின்றதும் கை திறக்கவில்லை. மன்னிக்க நான் யார்? இழந்தது நானா? அந்த மண்ணை அவர் வைத்தது போலவே ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

லூர்தம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, மன்னிக்க ஆசை இருக்கிறது என்ற அந்த வார்த்தை ஒன்றுதான். இப்போதெல்லாம் செபத்தில், 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்று மன்னிப்பு வரும் இடத்தில் என் வாய் நின்றுவிடுகிறது. அந்த ஆசையாவது என்னிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போகிறேன்.