வானவில் பனியனும் உடுமலைப்பேட்டை கீர்த்தனாவும்

போன ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். வடைச் சட்டிப் பக்கம் பார்த்து நின்ற மாஸ்டர் திரும்பினார் பாருங்கள், எனக்குப் புரை ஏறிவிட்டது. அவர் நெஞ்சில் ஒரு வானவில். அதே பனியன், எங்கள் ஊரில் டி-ஷர்ட்டுக்கும் பனியன் என்றுதான் பேர். முதுகில் ஒரு காலத்தில் எங்கள் கட்சிச் சின்னம் இருந்தது. அது உள்ளூர் பிரிண்ட், உரிந்து போய் ஒரு ஓரம் மட்டும் பொருக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்து வானவில் எக்ஸ்போர்ட் சரக்கு, அப்படியே பளிச்சென்று இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். யாரோ எலெக்‌ஷன்ல குடுத்ததுங்க, கிழிஞ்சு தொலையவே மாட்டேங்குது என்றார்.

அவ்வளவுதான், பிரிக்காத பனியன் மூட்டையின் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சூடு ஆறாத இஸ்திரி, தையல் மிஷின் எண்ணெய், சாயம், எங்கேயோ கொஞ்சம் மண்ணெண்ணெய், எல்லாம் கலந்த வாசம் அது. சிலருக்குத் தலைவலி வரும். எனக்கு அந்த வாசத்தில்தான் அரசியல் தொடங்கியது. ஏனென்றால் நான் வேலை பார்த்த தேர்தல் ஆபீஸ், மூடிப்போன ஒரு நிட்டிங் கம்பெனி. மிஷின்களை எடுத்துவிட்டார்கள், வாசத்தை எடுக்க முடியவில்லை.

காலேஜில் இரண்டாம் வருஷ லீவில் எல்லோரும் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். கூடப் படித்தவர்கள் அத்தனை பேரும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனார்கள். நான் மட்டும் கட்சி ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். அங்கே சர்டிபிகேட் தருவார்களா, பொன்னாடை தருவார்களா என்று கேட்டார் எங்கள் துறைத்தலைவர். எந்தக் கட்சி என்று நீங்கள் கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த வரியிலேயே இறங்கிப் போய்விடுவீர்கள். கோயில், குடும்பம், தொழில், ஒழுங்கு என்று பேசுகிற கட்சி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். இருபது வயதில் நெற்றியில் திருநீறு, முழுக்கைச் சட்டை, இலவசம் கொடுத்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று அறுபது வயசுக்காரர் மாதிரிப் பேச்சு. என்னைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பதினைந்து வயதிலிருந்தே தெரியும், சாமியிடம் கூட வேறு மாதிரி வேண்டிக்கொண்டதில்லை. வகுப்பில் ஒரே ஒரு சிநேகிதனிடம் சொல்லியிருந்தேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான், அடுத்த நிமிஷமே என் கட்சியைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. என்னை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு என் திருநீறு பிடிக்காது. திருநீறு பிடித்தவர்களுக்கு விஷயம் தெரிந்தால் என்ன ஆகும்? துரத்திவிடுவார்கள். அந்தக் கோடை முழுக்க எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

வேட்பாளர் ராஜாமணி அக்கா. எங்கள் வார்டுக் கவுன்சிலர் இடைத்தேர்தல் அது. அக்கா மண்ணரையில் தையல் யூனிட் வைத்திருந்தார். விடியலில் கோயில், ஏழு மணிக்கு யூனிட், அப்புறம் ஓட்டு. அவருக்கு ஏஜென்ட், காரியதரிசி, சமயத்தில் டிரைவர், எல்லாம் பொன்னுச்சாமி அண்ணன்தான். மகளிர் அணிக்கு சரசக்கா.

எங்கள் ஊர்ப்பக்கம் ஓட்டுக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்குள் போனதும் ஓட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டும். எந்த ஊர், குலதெய்வம் எது, யார் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, எப்படியாவது ஒரு உறவைப் பிடித்துவிட வேண்டும். உறவு வந்துவிட்டால் ஓட்டும் வந்துவிடும். இந்த வேலையில் நான் சூரன். எந்த வீட்டுக்குள் விட்டாலும் ஒரு மாமனையோ பங்காளியையோ கண்டுபிடித்துக்கொண்டுதான் வெளியே வருவேன்.

வினையே அங்கேதான். அடக்கமான பையன், திருநீறு, சொந்த ஊர் என்றால் விடுவார்களா? தண்ணிச் செம்பு கைக்கு வரும்போதே பெண்ணின் போட்டோவும் வந்துவிடும். சரசக்கா நாளுக்கு ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பொறுக்க முடியாமல் ஒருநாள், எனக்குப் பெண் பார்த்தாயிற்று என்று அடித்துவிட்டேன். எந்த ஊர் என்றார், உடுமலைப்பேட்டை என்றேன். பெயர் கேட்டார், வாயில் வந்தது கீர்த்தனா. நர்சிங் படிக்கிறாள் என்றேன். வசதி எப்படி என்றார், தென்னந்தோப்பு என்றேன். தோப்புக்குள் காற்றாலை ஒன்றையும் நட்டுவைத்தேன், வாடகை வருகிறது என்று. சரசக்கா அப்படியே சொக்கிப் போனார். அன்றிலிருந்து காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் கேள்வி, கீர்த்தனா போன் பண்ணினாளா என்பதுதான். காய்ச்சல், பரீட்சை, தென்னையில் வெள்ளை ஈ விழுந்தது என்று நானும் தினமும் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பனியனுக்கு வருகிறேன். ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் பைக் ஊர்வலம். தொண்டர்களுக்கு ஒரே மாதிரி பனியன் வேண்டும் என்று பொன்னுச்சாமி அண்ணன் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் கிலோ கணக்கில் மூட்டைகள் வாங்கினார். இந்த ஊரில் பனியனின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். துணியை விரலில் நிமிண்டிக் கனம் பார்ப்பார்கள், காலரை இழுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்தெந்த நாட்டுப் பீர் கம்பெனிப் பெயரையெல்லாம் நெஞ்சில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள் தெரியுமா? அண்ணனும் கனம் பார்த்தார், திருப்தியானார், முதுகில் நம் சின்னத்தை அடிக்கக் கொடுத்துவிட்டார். ஐரோப்பாவில் எங்களைப் போன்றவர்கள் வருஷம் ஒருமுறை கொடி பிடித்து ஊர்வலம் போவார்களே, அதற்காகத் தைத்த பனியன் அது. வானவில்லும், கீழே காதலென்றால் காதல்தான் என்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வரியும்.

அன்று காலை நான் அக்காவோடு கோயிலில் இருந்தேன். திரும்பி வரும்போது ஊர்வலம் எதிரே வந்தது. தாரை தப்பட்டை முன்னால். பின்னால் மீசை முறுக்கிய மாமன்கள், தொப்பை வைத்த சித்தப்பாக்கள், கழுத்தில் உருத்திராட்சம் போட்ட ஒன்றியச் செயலாளர், எல்லோர் நெஞ்சிலும் வானவில். எங்கள் அக்கா வாழ்க என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும் பொங்கி வந்துவிட்டது. என் மாதிரி ஆட்களின் கொடியை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் என் கட்சிக்காரர்கள் நெஞ்சில்.

மத்தியானத்துக்குள் எதிர்க்கட்சிப் பையன்கள் வீடியோ போட்டுவிட்டார்கள். அந்த மாதிரி ஆளுங்க கட்சி என்று பேர் வைத்து, பின்னால் கேலிப் பாட்டு. மானம் கப்பலேறிவிட்டது என்று பொன்னுச்சாமி அண்ணன் தலையில் கை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சாயங்காலக் கூட்டத்தில் அக்கா வாசிக்க ஒரு மறுப்பு எழுதச் சொன்னார். அசிங்கம் பிடித்த அந்த ஆட்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சூடாக இருக்க வேண்டுமாம்.

பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஊரெல்லாம் உறவு தேடி அலைந்தவன் நான், என்னோடேயே உறவில்லை என்று என் கையால் எழுதுவதா?

"என்னால எழுத முடியாதுங்ணா," என்றேன். "நான் அந்த மாதிரி ஆளுதானுங்க."

சர்டிபிகேட் போயிற்று, கட்சி போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். முதலில் வாய் திறந்தது சரசக்காதான். அப்ப கீர்த்தனா என்றார். இல்லீங்க்கா என்றேன். தென்னந்தோப்பு என்றார். அதுவும் இல்லீங்க்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார், சத்தியமாகத் தோப்புக்காகத்தான்.

இவனை உடனே அனுப்பிவிடலாம், வெளியே தெரிந்தால் கட்சிக் கட்டுப்பாடு என்ன ஆவது என்று பொன்னுச்சாமி அண்ணன் ஆரம்பித்தார். ராஜாமணி அக்கா அதுவரை ஒரு பனியனை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தச் சமாச்சாரமெல்லாம் வெளங்காது," என்றார். "கட்டுப்பாடு வெளங்கும். சொன்ன நேரத்துக்கு வர்றான், பொய்க் கணக்கு இல்ல, சாமி கும்படறான். இவன விடக் கட்டுப்பாடானவன் இங்க யாரு, சீட்டாட்டத்துல பாதி நாள் போற நீயா பொன்னுச்சாமி?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "உன்ற அம்மாவுக்குத் தெரியுமா கண்ணு?" தெரியாது என்றேன். "நீ சொல்றயா, நான் வந்து சொல்லட்டுமா?" நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "செரி. அப்ப உனக்கு என்ன தோணுதோ அத எழுது."

எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன், அதில் என்ன வெட்கம்.

மண்ணரை முக்கில் கூட்டம். ஷிப்ட் முடிந்த பெண்கள் சாப்பாட்டுக் கூடையோடு நின்றார்கள். அக்கா என் தாளை ஒரு தடவை பார்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், அந்தப் பனியனை உயரத் தூக்கிப் பிடித்தார். இந்தச் சரக்குல வேலை செஞ்சவங்க கையைத் தூக்குங்க என்றார். முதலில் ஒரு கை. நான் காலர் அடிச்சனுங்க என்று ஒரு குரல். அப்புறம் கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று கைகள் வந்துகொண்டே இருந்தன. பின்வரிசையில் நின்ற வடநாட்டுப் பையன்களும், என்ன கேட்கிறார்கள் என்று பக்கத்தில் விசாரித்துவிட்டுத் தூக்கினார்கள்.

"இதப் பாத்துத்தான் அவங்க சிரிக்கறாங்க," என்றார் அக்கா. "இது ஒரு மாதிரிப் பசங்களோட கொடியாம். அந்தப் பசங்க வானத்துல இருந்து குதிக்கல. நம்ம ஊடுகள்லதான் பொறக்கறாங்க. நம்ம ஊட்டுப் பையனப் பாத்து எவனும் சிரிக்கப்படாது. சிரிச்சா உங்க ஓட்டு எனக்கு வேண்டாம்."

முதல் வரிகள் என்னுடையவை. கடைசி வரி அக்காவுடையது. ஓட்டு வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு வந்திருக்காது. முதலில் அந்தக் காலர் அடித்த பெண் கை தட்டினார், அப்புறம் எழுந்த சத்தத்தில் மைக்கே கூவியது. எங்கள் கட்சியில் இரண்டு பெரியவர்கள் கோபித்துக்கொண்டு அன்றே போய்விட்டார்கள். ஓட்டு எண்ணின அன்று, எல்லோருக்கும் முன்னால் மாலையோடு வந்து நின்றதும் அவர்கள்தான். அக்கா ஜெயித்தார், சாதாரணமாக அல்ல, அமோகமாக ஜெயித்தார். வெற்றி ஊர்வலத்துக்கும் அதே பனியன்தான் என்று பிடிவாதம் பிடித்தது யார் தெரியுமா? பொன்னுச்சாமி அண்ணன். ராசியான பனியனாம். அம்மாவிடம் சொன்னது தனிக் கதை, அழுகையும் சண்டையும் நிறைய. ஆனால் அக்காவின் அந்தப் பேச்சைப் போனில் போட்டுக் காட்டியபோது, இதை நீயா எழுதினாய் என்று கேட்ட முகம் பெருமை முகம்தான்.

டீக்கடையிலிருந்து வரும்போது அந்த வழியாகவே வந்தேன். ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம், ஏசி வாசம்தான் வருகிறது. மண்ணரை முக்கில் கூட்டம் போடுவதில்லை, எல்லாம் வாட்ஸப்பில் முடிந்துவிடுகிறது. செம்பில் தண்ணி கொடுத்து உறவு விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. நான் இன்னும் அதே கட்சியில்தான் இருக்கிறேன், திருநீறும் இருக்கிறது.

சரசக்காவை மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்பேன். போன மாதமும் பார்த்தேன், என்னோடு சேர்ந்து வாழ்கிறவனும் கூட இருந்தான். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த ஊர் தம்பி, குலதெய்வம் எது, தோட்டம் காடு ஏதாச்சும் உண்டா என்று ஆரம்பித்தார். அவன் ஒன்றுமில்லீங்க என்றான். சரசக்கா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இருந்தாலும் கண்ணு, அந்த உடுமலைத் தோப்ப நீ உட்டிருக்க வேண்டாம்."