கோணலாய் நின்ற ஸ்பாய்லர்

மரியதாசும் நானும் ஏற்காட்டில் டாக்ஸி ஓட்டுகிறோம். இருவரிடமும் ஒரே மாதிரி கார்தான். ஆனாலும் ஏரிக்கரை ஸ்டாண்டுக்கு வருகிறவர்கள் அவன் காரில்தான் முதலில் ஏறுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் அவன் சேலத்திலிருந்து, காருக்குப் பின்னால் இறக்கை போல நிற்கும் கறுப்பு ஸ்பாய்லர் ஒன்றை வாங்கி வந்தான். கடையில் நான் பல முறை பார்த்து ஆசைப்பட்டது அதே ஸ்பாய்லர்தான். டிக்கியின் மேல் அதை வைத்துப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டான்.

"ஏனுங்கண்ணா, நேரா இருக்குதுங்களா? பார்த்துச் சொல்லுங்க, ஓட்டை போட்டுடறேன்."

இடது பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது. எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"நேராத்தான் இருக்குது, போடு" என்றேன். டிரில் தகட்டைத் துளைக்கும் சத்தம் அன்று எனக்கு இனித்தது.

மறுநாள் ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். "என்ற கைதானுங்க ஆடிப்போச்சு" என்று அவனும் சிரித்தான். என் பெயரைச் சொல்லவே இல்லை.

ஆறு மாதம் கழித்து நானும் ஒன்று வாங்கினேன். கூப்பிடாமலே உதவிக்கு வந்த மரியதாஸ், டேப் வைத்து இரண்டு பக்கமும் மூன்று முறை அளந்தான்.

"நொம்ப ஆசைப்பட்டு வாங்கியிருக்கீங்க, கோணலாயிடக் கூடாதுங்கண்ணா."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "டீ குடிக்கலாமா?" என்றுதான் வந்தது.

என் ஸ்பாய்லர் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது. யாராவது அதைப் பாராட்டினால் மட்டும், அவன் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.