லோடுக்கு வந்தவர்கள்

முதல் பிரசவம் அம்மா வீட்டில் ஆனது. இரண்டாவதற்கு எளாவூர் பக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். மாமியாருக்கு மருத்துவச்சி போதும். எனக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரிதான் வேண்டும். "நாங்கல்லாம் பெத்துக்கலியா?" என்று அவர் ஆரம்பிக்க, கடைசியில் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிற்று. "உங்க அம்மா மட்டும் கூட வரக்கூடாது" என்று கணவரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன்.

காலையில் வலி எடுத்தது. பஸ் போய்விட்டிருந்தது. கணவர் ஓடிப்போய், செக்போஸ்ட் அருகே சரக்கை இறக்கிவிட்டு நின்ற ஒரு லாரியை அழைத்து வந்தார். பின்னால் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். தெருவே கூடிவிட்டது. "ஒருத்தரும் ஏறக்கூடாது, எனக்குக் காத்து வேணும்" என்று விரட்டினேன். கணவர் மட்டும் ஏறிக்கொண்டார்.

தெருமுனைகூடத் தாண்டவில்லை. ஒரு பள்ளத்துக்கு நானும் கணவரும் வைக்கோலும் சேர்ந்து எழும்பினோம்; கீழே வந்தது தனித்தனியாக. குழந்தை இங்கேயே பிறந்துவிடும் என்று அலறினேன். டிரைவர் நிறுத்தினார்.

"நான் இன்னாம்மா பண்றது? லோடு இல்லேன்னா வண்டி குதிக்கத்தான் குதிக்கும். அடியில இருக்கிற ஸ்பிரிங் பட்டை டன் கணக்குல தூக்கறதுக்குப் போட்டது. உன் வெயிட்டுக்கு அது வளையவே வளையாது. மணல் ஏத்திக்கினு போலாம், ஆனா மத்தியானம் ஆயிடும்."

பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங்கில் எடைக்கல் தொங்கவிட்டது நினைவுக்கு வந்தது. சின்னக் கல் வெடவெடவென்று ஆடும். பெரிய கல் சாவகாசமாக ஏறி இறங்கும். எடைதானே வேண்டும்? தெருவில் அத்தனை எடை சும்மா நின்றுகொண்டிருந்தது. "மணல் எதுக்கு? அவங்களை ஏத்துங்க" என்றேன்.

தெருவில் நின்ற சொந்தமெல்லாம், நான் விரட்டிய கோபத்தை ஒத்திவைத்துவிட்டு ஏறியது. டிரைவர் குனிந்து பட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நல்ல ஆளா இருந்தா தேவல" என்றார். எல்லார் கண்ணும் மாமியார் மேல் போனது. அந்தத் தெருவிலேயே கனத்த உடம்பு அவருடையது. நான் வைக்கோலைப் பார்த்துக்கொண்டே, "அத்தையையும் வரச்சொல்லுங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் யாருக்கும் துணைக்கு வர்ல. லோடுக்கு வரேன்" என்று அறிவித்துவிட்டு ஏறினார். கீழிருந்து தள்ளியவர்களுக்கு மூச்சு வாங்கியது. லாரி ஒரு தரம் முனகி அமுங்கியது. அதன்பின் கவரைப்பேட்டை தாண்டியும் பள்ளங்கள் வந்தன. வண்டி தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது. எரிச்சலாக இருந்தாலும், அவர் எடைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

"துணைக்கு ஒரு பொம்பளை மட்டும் இருக்கலாம்" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். "லோடு எறக்கியாச்சு இல்ல, நான் போறேன்" என்று மாமியார் திரும்பினார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, போவாதீங்க" என்று அழுதுவிட்டேன்.

வலி வந்தபோதெல்லாம் அவர் கையை நெரித்தேன். "நான் இன்னா ஸ்பிரிங் பட்டையாடி, இந்த அமுக்கு அமுக்குற?" என்று திட்டினார். திட்டினாரே தவிர, மகள் பிறக்கும்வரை கையை உருவிக்கொள்ளவில்லை.