கோடு விழும் வரை

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குக் குளியலக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். இரண்டாவது மாடியில் பதினெட்டுப் பேர். நாளைக்கு ஒன்பது பேராக, பத்தொன்பது வருடமாக அவள் குளிப்பாட்டி வருகிறாள். தண்ணீர் ஊற்றுகிற வேலைதானே என்று நினைப்பவர்கள் ஒரு காலையில் வந்து பார்க்கட்டும். கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிற கையை விரல் விரலாக விடுவிக்க வேண்டும். தன்னைவிடக் கனமான ஒருவரை ஈரத் தரையில் விழாமல் நிறுத்த வேண்டும். வாங்கும் திட்டுக்குப் பதில் பேசக் கூடாது. ஒன்பதாவது ஆளைத் துடைத்து, உடை மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்த பிறகு அவளுக்குத் தன் தோளை எங்கே கழற்றி வைப்பது என்று தெரியாது.

குளியலறைச் சுவரில் ஒரு பெரிய பாட்டில் மாட்டியிருக்கும். அமுக்கினால் பச்சையாக ஒரு திரவம் வரும். நுரை என்றால் அப்படி ஒரு நுரை. வாசனை மூன்றாவது அறை வரைக்கும் போகும். ஆனால் அது அழுக்கோடு சேர்த்துத் தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் வழித்துக்கொண்டு போய்விடும். இளம் தோல் தாங்கும். எண்பது வயதுத் தோல் எங்கே தாங்குவது? ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரிய டீச்சருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக வெடித்திருந்தது. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து காலையில் நகத்தில் ரத்தம் இருக்கும். குளிக்கக் கூப்பிட்டால் அந்தம்மா அழ ஆரம்பித்துவிடுவார். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர், சின்னப் பிள்ளை மாதிரி அழுவார். குளியலக்காவுக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை. அவள் கைகளும் அதே பச்சைத் தண்ணீரில் பத்தொன்பது வருடம் ஊறியவைதானே. விரல் மடிப்புகளில் வெடிப்பு. உப்புப் பட்டால் உயிர் போகும்.

அதனால்தான் சோப்புச் செய்யக் கற்றுக்கொண்டாள். கைபேசியில் யாரோ ஒருத்தி செய்து காட்டியதைப் பார்த்துத்தான். முதல் மூன்று தடவை சட்டியோடு குப்பைக்குப் போயிற்று. நான்காவது தடவை கைகூடியது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாத சோப்பு அது. காஸ்டிக் சோடா என்கிற காரத்தைக் கிராம் கணக்கில் நிறுத்துத் தண்ணீரில் கரைத்து ஆறவைக்க வேண்டும். எண்ணெயை உருகும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, இரண்டையும் சேர்த்துக் கலக்க வேண்டும். மீதி வேலையைக் காரமும் எண்ணெயும் தங்களுக்குள் மெதுவாகப் பார்த்துக்கொள்ளும். பிறகு அச்சில் ஊற்றி, வெட்டி, ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் சோப்பு உண்டாகும்போது கூடவே உண்டாகிற கிளிசரின் வெளியே போகாமல் சோப்பிலேயே தங்கும். காரம் தின்றது போக ஒரு பங்கு எண்ணெய் மிஞ்சும்படி அவள் கணக்குப் போட்டுத்தான் செய்வாள். அந்த மிச்சம்தான் தோலுக்கு.

"இது மருந்து கிருந்து எல்லாம் இல்லம்மா," என்று இல்லத்தின் பொறுப்பிலிருந்த மேட்ரனிடம் நேராகவே சொன்னாள். "ஒண்ணும் குடுக்காது. ஆனா இருக்கிறதைப் பிடுங்காது. அவ்வளவுதான்."

மேட்ரன் கண்டிப்பான ஆள். மருத்துவரைக் கேட்டார், டீச்சரின் மகளைக் கேட்டார், பிறகு சொன்னார்: "பன்னெண்டு கட்டி கொண்டா. முதல்ல டீச்சருக்கு மட்டும், ஒரு மாசம். ஆனா ஒண்ணு. தோல் ஒரு இடத்துல சிவந்தாலும் சோப்பு கிடையாது. நீயும் குளியலறைப் பக்கம் வரக் கூடாது. கீழ துணி துவைக்கிற ரூமுக்குப் போயிடு."

நியாயம்தான். குளியலக்கா தலையாட்டினாள். பெரிய டீச்சருக்கு நேற்றுச் சாப்பிட்டது இன்று நினைவிருக்காது. ஆனால் தனக்கென்று ஒரு சோப்பு வரப்போகிறது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும், "என் சோப்பு எங்கே?" என்பார்.

அந்தச் சோப்பை ஊற்றிய ஞாயிற்றுக்கிழமைதான் தப்பு நடந்தது. முந்தின நாள் வேலையாட்களில் இரண்டு பேர் விடுப்பு. குளியலக்கா பதினான்கு பேரைக் குளிப்பாட்டியிருந்தாள். காலையில் எண்ணெயை உருக்கி வைத்துவிட்டு, காரத் தண்ணீர் ஆறட்டும், அதுவரை பத்து நிமிடம் என்று கட்டிலில் சாய்ந்தாள். கண் விழித்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. குளிர்காலம். சமையலறைத் தரையில் கால் வைக்க முடியவில்லை. எண்ணெயும் குளிர்ந்து போயிருந்தது. அதிலேயே காரத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினாள்.

கையால் கலக்கினால் முக்கால் மணி, சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும். கரண்டியைத் தூக்கி மேலே சொட்டவிட்டால், சொட்டிய இடம் கரையாமல் கோடாக நிற்க வேண்டும். அதற்குப் பெயரே 'கோடு விழுவது'. அன்றைக்குப் பன்னிரண்டாவது நிமிடமே கோடு விழுந்தது. அவளுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. குளிரில் எண்ணெய் உறைந்தாலும் இப்படித்தான் கெட்டியாகும், அது பொய்க் கோடு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தோள் கெஞ்சியது. விழுந்துவிட்டது என்று நம்ப ஆசைப்பட்டாள், நம்பினாள், ஊற்றினாள். இருபத்துநான்கு கட்டி. நான்காவது வாரம் ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். காரம் மிச்சமிருந்தால் பேட்டரி முனையை நக்கியது போலச் சுரீரென்று இழுக்கும். இழுக்கவில்லை. அப்பாடா என்று விட்டுவிட்டாள். வழக்கமாக ஐந்தாறு கட்டியைப் பார்ப்பவள், அன்றைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் கணவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். இரண்டு முழங்காலும் மக்கர் செய்யத் தொடங்கியபின் வீட்டோடு இருக்கிறார். ஓட்டுநர் இருக்கையில் ராஜாவாக உட்கார்ந்தவருக்கு வீட்டு நாற்காலி முள்ளாகக் குத்தும். அவருக்கென்று அவள் கொடுத்திருந்த ஒரே வேலை, மூன்று நாளைக்கு ஒருமுறை அலமாரித் தட்டில் இருக்கும் சோப்புக் கட்டிகளைப் புரட்டிப் போடுவது. அதை என்னவோ பெரிய பொறுப்பு மாதிரி கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்வார்.

ஆறாவது வாரம் மனிதர் சாப்பாட்டில் வம்பு செய்ய ஆரம்பித்தார். சூடாக வைத்தால் தொடவில்லை. ஆறிய பிறகு, காரமில்லாததாகப் பார்த்து, இரண்டு வாய். காபியைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் தண்ணீர் குடித்தார். மூன்று நாள் பொறுத்தாள். வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது.

"டிரைவரே, அங்க ஒன்பது பேரைக் கெஞ்சிக் கெஞ்சிக் குளிப்பாட்டிட்டு வரேன். இங்கயும் வந்து கெஞ்சணுமா? வாயைத் திறந்து சொன்னா என்ன? வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா?"

அவர் கையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சோப்பைக் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு கட்டியைப் பொறுக்கி எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தாள். எண்ணினால் பதினைந்துதான் இருந்தது. மறுபடி எண்ணினாள். பதினைந்து.

"மீதி ஒன்பது எங்கங்க? யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டீங்களா?"

அவர் குனிய முடியாத முழங்காலோடு மெதுவாகக் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய வாளியை இழுத்தார். ஒன்பது கட்டியும் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் நகத்தால் ஒரு குறுக்குக் கோடு.

"இதெல்லாம் கெட்டது," என்றார். நாக்கு தடித்து, பேச்சு குழறியது. "புரட்டுறப்ப ஒண்ணு கையில எரிஞ்சது. மேல வெள்ளை வெள்ளையா புள்ளி. நீ நாக்குல வெச்சுப் பாப்பல்ல, அப்படிப் பாத்தேன். எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?"

"இருபத்திநாலும். சரியா தெரியணும்ல, ரெண்டு தடவை." தட்டில் இருந்ததைக் காட்டினார். "அந்தப் பதினஞ்சும் நல்லது. நீ தைரியமா எடுத்துட்டுப் போ. உன்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன். ஓஞ்சு போய் வர்ற. உனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அதுவும் தப்பாப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறங்க."

திறந்தார். நாக்கின் நுனி முழுக்க வெந்து, வெள்ளையாக உரிந்திருந்தது. வியாழக்கிழமை தட்டை வைத்த சத்தம் அவள் காதிலேயே மறுபடி கேட்டது. தன்னை நினைத்தே அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆனால் அதைவிடக் கஷ்டமான ஒன்று பாக்கி இருந்தது. நாக்குக்குத் தெரிவது மேல்தோல்தான். கலவை சரியாகச் சேராமல் ஊற்றினால் காரம் உள்ளுக்குள் எங்கே வேண்டுமானாலும் முடிச்சாக ஒளிந்திருக்கும். அவள் கத்தியை எடுத்து, அவர் 'நல்லது' என்ற கட்டிகளில் ஒன்றை நடுவில் வெட்டினாள். வெட்டிய முகத்தில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. நாக்கை வைத்தாள். சுரீரென்று இழுத்தது. வாயைக் கழுவிவிட்டு வந்தபோது அவர் வெட்டிய பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளயும் பாத்திருக்கணுமா?" என்றார்.

"உங்க தப்பு இல்லங்க. ஊத்துனவ நான்."

திங்கட்கிழமை வெறுங்கையோடு போய் மேட்ரன் முன் நின்றாள். நடந்ததைச் சொன்னாள், பொய்க் கோட்டைப் பற்றியும் தூங்கிப்போனதைப் பற்றியும். மேட்ரன் பேனாவை மூடினார்.

"சொல்லாம கொண்டு வந்திருந்தா எனக்கு எப்படித் தெரியப்போகுது?"

"டீச்சர் காலுக்குத் தெரியும்மா."

மேட்ரன் நாள்காட்டியைத் திருப்பினார். "இன்னும் எட்டு வாரம். அதுவும் சரியா வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்காத."

அன்று காலையும் பெரிய டீச்சர், "என் சோப்பு எங்கே?" என்றார். "இன்னும் காயல டீச்சர்," என்றாள் குளியலக்கா. பச்சைப் பாட்டிலை அமுக்கினாள். அந்தம்மா அழுதார். இனி எட்டு வாரம் இந்த அழுகை தன்னால்தான் என்பது அவளுக்கு ஒவ்வொரு காலையும் உறைத்தது.

அடுத்த ஞாயிறு கரண்டியை அவர் வாங்கிக்கொண்டார். "முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை. முட்டிதான் போச்சு, தோள் போகல. நீ உக்காந்து சொல்லு, போதும்."

காரத்தை அவள் நிறுத்துக் கரைத்தாள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இரண்டையும் சேர்த்தாள். அவர் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சட்டியை மேசையில் வைத்துக் கலக்கத் தொடங்கினார். "கோடு விழுந்ததும் சொல்லுங்க," என்று எதிரே உட்கார்ந்தாள். கரண்டி சட்டியில் உரசும் சத்தம் ஒரே சீராக வந்தது. அவளுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

விழித்தபோது ஜன்னல் வெயில் அடுத்த சுவருக்குப் போயிருந்தது. அவர் இன்னும் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குவது என்று சொல்ல முடியாது, கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டியை விட்டால் அது சட்டி நடுவில் தானாக நின்றது.

"ஐயய்யோ! கோடு விழலையா?"

"விழுந்துச்சு. அப்பவே."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"தூங்கிட்டிருந்த," என்றார். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்பது போல. "இந்தத் தடவை பொய்யா இருக்கக் கூடாதுன்னு இன்னும் கொஞ்சம் கலக்கினேன்."

ஊற்ற முடியவில்லை. இருவருமாக அள்ளி அள்ளி அச்சில் அடைத்தார்கள். வெட்டி எடுத்தபோது மூலை உடைந்தும் பள்ளம் விழுந்தும், கொத்தனார் கோபித்துக்கொண்டு பாதியில் விட்டுப்போன சுவர் மாதிரி இருந்தது. ஆனால் ஆறாவது வாரம் ஆறு கட்டியை நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தையெல்லாம் அவளே நாக்கில் வைத்துப் பார்த்தாள். எதுவும் இழுக்கவில்லை. ஒன்றைத் தன் கையில் பத்து நாள் போட்டும் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனாள்.

பெரிய டீச்சர் கட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு அசிங்கமா ஒரு சோப்பை நான் பார்த்ததே இல்லை," என்றார். பிறகு தாமே காலை நீட்டினார். ஒரு மாதத்தில் செதில் முழுக்கப் போய்விடவில்லை; அப்படிச் சொன்னால் பொய். சொறிவது குறைந்தது. நகத்தில் ரத்தம் இல்லை. எங்கும் சிவக்கவும் இல்லை. மேட்ரன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டில்காரர் பெயரையும் எழுதிக்கொண்டார். அப்படியென்றால் இன்னும் சோப்பு, இன்னும் ஞாயிற்றுக்கிழமைகள். குளியலக்காவுக்குச் சந்தோஷத்தைவிட அசதிதான் முதலில் வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"டீச்சர் இப்பல்லாம் அழறதே இல்லங்க," என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

அவர் எழுந்து போனார். வெந்நீர் ஒரு கிண்ணத்தில், உடைந்த மூலைச் சோப்பு ஒன்று, துண்டு. எதிரே உட்கார்ந்து அவள் வலது கையை இழுத்துத் தண்ணீரில் வைத்தார். வெடிப்பு இருக்கிற இடமெல்லாம் தெரிந்தவர் போல விரல் விரலாகத் தேய்த்தார்.

"நானே கழுவிப்பேனே," என்றாள்.

"தெரியும். அந்தக் கையையும் குடு."

பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளைக் கழுவிவிட்டதில்லை. அவள் இடது கையையும் நீட்டினாள்.