மடித்த கேஸ்கெட்

பண்டமாரான் பட்டறையில் என் காரைப் பழுது பார்த்தவர் ஒல்லியானவர், காதோரம் நரைத்தவர். சாலையில் வேன் சத்தம் கேட்டால் உடனே பானட்டுக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். ஏதோ தேடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பொருத்தி இறுக்கி முடித்த பிறகுதான், துடைத்த துணியை உள்ளேயே விட்டது அவருக்கு நினைவு வந்தது. முகம் கறுத்துப் போயிற்று. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். ஹெட்டுக்கு அடியில், கசியாமல் அடைக்க வைத்த மெல்லிய தகடான கேஸ்கெட் புத்தம் புதிதாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் மூடியிருந்தன.

“இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே அண்ணே, அதையே போடுங்க,” என்றேன்.

அவர் அதை முழங்காலில் வைத்து இரண்டாக மடித்தார்.

“ஒரு தடவ இறுக்கினா அமுங்கிடும் லா. அப்புறம் சரியா அடைக்காது. மடிக்கலைன்னா நானே எடுத்துப் போட்டுடுவேன். முன்னாடி ஒருத்தருக்கு அப்படித்தான் போட்டுட்டேன். ஹைவேயில புள்ளைங்களோட நின்னுட்டாரு. வேன் பழசு, அதான்னு நெனச்சுக்கிட்டாரு. நானும் சொல்லல.”

அப்போது ஒரு வெள்ளை வேன் வேகம் குறைத்தது. ஓட்டியவர் கையை வெளியே நீட்டி, “பாஸ், சாப்டாச்சா?” என்று சிரித்தார்.

இவர் தலை பானட்டுக்குள் இருந்தது. பதிலுக்கு நான்தான் கையசைத்தேன், அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல்.