மாஜிக்காரன் புத்தகத்தின் கடைசித் தாள்கள்

அந்த நாவலுக்கு அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாஜிக்காரன் புத்தகம் என்றே சொல்வோம். மேடையில் போட்டி போடும் இரண்டு மாஜிக்காரர்களின் கதை. சபை நிறைந்திருந்த ஒருநாள் இளையவன் ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்து பூட்டச் சொல்கிறான். திறந்தால் ஆள் இல்லை. வித்தைதான் என்று எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஆனால் அவன் அப்புறம் வரவே இல்லை. மூத்தவன் பூட்டை மாற்றி அவனை ஒழித்துவிட்டானா, இல்லை இளையவனே மூத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஓடிப்போனானா? முந்நூறு பக்கம் துப்புத் துலக்கிவிட்டு, கடைசியில் இரண்டில் ஒன்றைச் சொல்லாமலே கதை முடிந்துவிடும். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி படிக்கவே கூடாத புத்தகம். படித்து முடித்த பிறகு மூன்று நாள் அரிசி டின்னைக்கூட மெதுவாகத்தான் திறந்தேன்.

அப்போது நாங்கள் பெங்களூரில், பட்டாளத்தார் இருந்த தண்டுப் பகுதியில், அல்சூர்ப் பக்கம் இருந்தோம். கடைத்தெருவில் ஒருவர் புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்துவந்தார். ஜனங்கள் பக்க ஓரங்களில் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்று, பைண்டு செய்யும்போதே ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் கோடு போட்ட வெறும் தாள்களைச் சேர்த்துத் தைத்துவிடுவார். படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அங்கேதான் எழுத வேண்டும். சொந்தப் பெயரைப் போடக் கூடாது.

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த சமயம் அது. அப்பா ராணுவத் தளவாட ஆபீசில் குமாஸ்தா. மேலதிகாரியிடம் நாலு தடவை நடந்து சித்தப்பாவுக்கும் அங்கேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். சித்தப்பா இரண்டே மாதத்தில் அதை விட்டுவிட்டு, பயாஸ்கோப் கொட்டகையில் படம் ஓட்டப் போய்விட்டார். அன்றோடு வீட்டுக்குள் பேச்சு நின்றது.

எனக்கு டைபாய்டு வந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றிருந்தது. கவலைப்படுவதற்கு அந்தப் படிப்பே தாராளமாகப் போதும். "கையெழுத்தாவது உருப்படியா இருக்கட்டும்" என்று அப்பா தன் அபிப்பிராயங்களை வாயால் சொல்லி என்னை எழுதவைப்பார். மாஜிக்காரன் புத்தகத்தில் அவர் சொல்லி நான் எழுதிய முதல் அபிப்பிராயம் இது: 'இளையவனுக்கு மேடை கிடைத்ததே மூத்தவனால். நன்றி கெட்டவன் ஓடிப்போனான். இங்ஙனம், பழைய வாசகர்.'

சித்தப்பா அதைப் படித்தார். பென்சிலை எடுத்துத் தன் கையாலேயே கீழே எழுதினார்: 'மேடை கொடுத்தால் ஆயுள் முழுக்க அவர் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? பூட்டை மாற்றியது மூத்தவனே. இங்ஙனம், புதிய வாசகர்.'

அதற்கப்புறம் நான்கு மாதம் அதே புத்தகம்தான். திருப்பிக் கொடுப்பேன், மறுபடி வாங்கிவருவேன். "என்னம்மா, உங்க வீட்ல இத ஊறுகா போடறாங்களா?" என்பார் கடைக்காரர். நடுவில் அதை வாங்கிப் போன யாரோ, 'மேற்படி வாசகர்கள் இருவரும் நேரில் பேசித் தீர்த்துக்கொண்டால் மற்றவர்களுக்கும் எழுத இடம் கிடைக்கும்' என்று எழுதிவைத்திருந்தார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே வெடித்துவிட்டாள். "எதிர எதிர உக்காந்து சாப்பிடறீங்க. வாயில என்ன கொழுக்கட்டையா? சண்டைய மட்டும் கடைக்கு அனுப்பி வெக்கிறீங்க!"

இரண்டு பேரும் ரசத்துக்குக் கையை நீட்டினார்கள்.

அந்த வாரம்தான் சித்தப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஸ்ரீராம்புரத்துல ஒரு ரூம் இருக்குது அண்ணி. ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். போறதா வேணாமான்னு மனசு அடிச்சிக்குது."

காய்ச்சலில் கிடந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் சித்தப்பா. அவர் போய்விட்டால்? மறுபடி எனக்குக் காய்ச்சல் வந்தால்? அப்பா இன்னொரு தடவை குத்தி எழுதினால் அவர் கட்டாயம் போய்விடுவார் என்று தோன்றியது. சனிக்கிழமை காலையில் அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்போது, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: 'இளையவன் உயிரோடு இருந்தால் நேரில் வந்து சொல்லட்டும். மூத்தவன் கேட்க மாட்டான் என்று யார் சொன்னது?'

பயந்த மாதிரியே ஆயிற்று. வம்புக்கு இழுக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அப்பா தெருமுனை தாண்டிவிட்டாரா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதை விட்டுவிட்டு வேறு எழுதினேன்: 'புதிய வாசகர் சொல்வதே சரி. பூட்டை மாற்றியது மூத்தவன்தான். இனி இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.' சித்தப்பா ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் எதற்கு வீட்டை விட்டுப் போக வேண்டும்?

மத்தியானம் சித்தப்பா ஜன்னலோரம் நின்று அதைப் படித்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். மறுபடியும் படித்தார்.

"அண்ணனே சொன்னாரா இத?"

"ஆமா சித்தப்பா."

"இனிமே எழுத ஒண்ணும் இல்லன்னாரா?"

"ஆமா."

பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை. "புக்கை கடையில குடுத்துடு கண்ணு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், படுக்கையைச் சுருட்டி ஜட்காவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா வாசலில் நின்று அழுதாள். நான் செய்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன், பயத்தில் மூடிக்கொண்டேன். அப்பா திரும்பி வந்து, காலியாகிக் கிடந்த மூலையைப் பார்த்தார். காய்கறிப் பையை அம்மாவிடம் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் மட்டும் கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும்.

"கடைக்குப் போனியா? அதுல பதில் ஏதாச்சும் எழுதியிருக்கானா?"

புத்தகம் வேறு யார் வீட்டிலோ இருக்கிறது என்பேன். "திரும்பி வந்ததும் பாரு. எழுதுவான். கேட்டதுக்கு பதில் சொல்லாம இருக்கற ஆள் இல்ல அவன்" என்பார். மழைக்காலம் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர்கள் ஒரு புத்தகச் சண்டையில் ஜெயிக்க எவ்வளவு பிடிவாதமாகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.